அட்டை கைக்கு வந்தது, புத்தகம் பீரோவுக்குப் போனது: தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் வாசிப்பு

தொடக்கப் பள்ளிகளுக்குப் போய்வருகிற எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை பாடநூலைத் திறந்து ஒரு பாடத்தைக் கடகடவென்று வாசித்துவிடும். புத்தகத்தை மூடிவிட்டு "இன்னொரு தடவை சொல்லு" என்றாலும் அதே வேகத்தில் வரும். அதே எழுத்துகளும் ஏறக்குறைய அதே சொற்களும் உள்ள வேறொரு கதையை நீட்டினால் முதல் வரியிலேயே நின்றுவிடும். பிள்ளை பாடத்தை வாசிக்கவில்லை, ஒப்பித்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய தேர்வு எதுவும் வேண்டாம். முன்பின் பார்த்திராத ஒரு பக்கம் போதும்.

இந்த ஒப்பித்தலை உடைக்கத் தமிழ்நாடு கடந்த இருபது ஆண்டுகளில் இரண்டு முறை பெரிய அளவில் முயன்றிருக்கிறது. முதலாவது, 2003-இல் சென்னையில் தொடங்கிய செயல்வழிக் கற்றல்; சின்னச் சின்ன அட்டைகளை வைத்துப் பிள்ளை தன் வேகத்தில் தானே கற்கும் முறை அது. இரண்டாவது, கொரோனாவுக்குப் பிறகு வந்த இல்லம் தேடிக் கல்வி, எண்ணும் எழுத்தும், வாசிப்பு இயக்கம் ஆகியவை. எழுத்தைக் கற்பிக்கும் முறையில் இரண்டு முறையும் நல்ல மாற்றங்கள் வந்தன. ஆனால் பிள்ளை தானாக ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து, யாரும் சொல்லாமல், பக்கம் புரட்டி முடிக்கும் பழக்கம் ஏன் அதே வேகத்தில் வரவில்லை? அந்தக் கேள்வியைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது

எம்.பி. விஜயகுமார் என்ற இந்திய ஆட்சிப் பணி அதிகாரி சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, 2003-இல், 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைச் சோதித்துப் பார்த்தார். அதற்கு முன்பு வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்த காலத்தில், கொத்தடிமை வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளிகளில் அவருக்கு அனுபவம் இருந்தது. எட்டு வயதில் முதன்முறையாக பள்ளிக்கு வரும் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்க முடியாது. மூன்றாம் வகுப்பில் வைத்தாலும் ஒன்றும் புரியாது. ஆளாளுக்குத் தனி வேகம் என்ற எண்ணம் இந்தச் சிக்கலிலிருந்துதான் பிறந்தது.

முறைக்கான வடிவம் ஆந்திராவின் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலியிலிருந்து கிடைத்தது. அங்கே சுற்றுவட்டாரக் கிராமங்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காக அட்டைகளும் 'கற்றல் ஏணி'யும் உருவாக்கியிருந்தார்கள். சென்னை ஆசிரியர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தமிழுக்குத் தங்கள் கையாலேயே அட்டைகளைத் தயாரித்தார்கள். இந்த விவரத்தைப் பலர் சட்டென்று கடந்துபோகிறார்கள். மேலிருந்து வந்த உத்தரவு என்றாலும், உள்ளடக்கத்தை எழுதியவர்கள் வகுப்பில் நிற்கும் ஆசிரியர்கள். அடுத்த ஆண்டே மாநகராட்சியின் 264 தொடக்கப் பள்ளிகளுக்கும் முறை போனது. பிறகு விஜயகுமார் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானார். 2007–08-இல் மாநிலம் முழுவதும் 1 முதல் 4 வரையான வகுப்புகளில் செயல்வழிக் கற்றல் வந்துவிட்டது.

வகுப்பறை தோற்றத்திலேயே மாறியது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. பிள்ளையின் உயரத்துக்கு, சுவரின் அடிப்பகுதியில், ஆளுக்கொரு கட்டம் என்று கரும்பலகை வரைந்தார்கள். தலைக்கு மேலே கம்பிப் பந்தல் கட்டி, பிள்ளைகள் வரைந்ததும் எழுதியதும் அதில் தொங்கின. பிள்ளை காலையில் வந்து தன் வருகையைத் தானே குறித்துக்கொள்ளும். ஏணி அட்டவணையில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்து, தட்டிலிருந்து அந்தச் சின்னம் போட்ட அட்டையை எடுத்து, அதற்குரிய குழுவில் போய் உட்காரும். ஆசிரியர் முழுதாக உதவும் குழு, கொஞ்சம் உதவும் குழு, சக மாணவர் உதவும் குழு, தானே செய்யும் குழு என்பவை உட்பட மொத்தம் ஆறு. ஒரு வாரம் அம்மை போட்டு வராத பிள்ளை, திரும்பி வந்ததும் விட்ட படியிலிருந்தே தொடரலாம். ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் இருக்கும் ஈராசிரியர் பள்ளிகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை அங்கே வேலை பார்த்தவர்கள்தான் சொல்ல முடியும்.

ஆசிரியரும் தரையில் உட்கார வேண்டும் என்பதில் சிலருக்கு வருத்தம் இருந்தது. மூட்டு வலி ஒரு காரணம், மரியாதை இன்னொரு காரணம். அந்தப் பேச்சு கொஞ்ச நாளில் அடங்கிவிட்டது.

தமிழ் எழுத்து வைக்கும் சிக்கல்கள்

வாசிப்பு ஏன் தடுக்குகிறது என்று பேசும்போது 247 எழுத்து என்ற எண்ணைச் சொல்லிப் பயமுறுத்துவது வழக்கம். உண்மையில் பிள்ளை 247 வடிவங்களைத் தனித்தனியாகக் கற்பதில்லை. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எல்லாம் ஒழுங்காக ஒட்டிக்கொள்ளும் குறிகள். 1978-இல் அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, லை, ளை போன்றவையும் இந்த ஒழுங்குக்குள் வந்துவிட்டன. ஒழுங்குக்கு வராமல் நிற்பவை உகர, ஊகார வரிசைகள். கு, டு, து, பு, ஞு எல்லாம் வேறு வேறு வளைவு. ஒன்றாம் வகுப்பில் வேகமாகப் போன பிள்ளைகள் பலர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் கொம்பு. 'கெ' என்பதில் கண்ணுக்கு முதலில் கொம்பும் பிறகு 'க'வும் படுகின்றன. ஒலியில் முறை தலைகீழ். 'கொ' என்றால் உயிர்க்குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை, கண்ணை இடமிருந்து வலமாக ஓட்டினால் மட்டும் போதாது, கொஞ்சம் முன்னே பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். அப்புறம் ஒலிப்பு. 'கடல்' என்பதில் வரும் ட வேறு, 'பட்டம்' என்பதில் வரும் ட்ட வேறு. பலகையில் இரண்டும் ஒரே எழுத்துதான். இந்தச் சொல் தெரிந்த பிள்ளை சரியாக ஒலித்துவிடும். தெரியாத சொல்லென்றால் ஒவ்வோர் எழுத்தையும் வன்மையாக உச்சரித்துவிட்டு, தான் சொன்னது எந்தச் சொல் என்று தனக்கே தெரியாமல் விழிக்கும். சரியாக எழுத்துக் கூட்டியும் பொருள் பிடிபடாமல் போவது இதனால்தான். காதால் கேட்ட சொற்கள் நிறைய இருக்கும் பிள்ளைக்குத் தமிழ் வாசிப்பு பாதி சுலபமாகிவிடுகிறது.

பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையிலான தூரத்தைச் சொல்லவே வேண்டாம். வீட்டில் "வூட்டுக்குப் போய்ட்டு வந்துர்றேன்" என்று பேசும் பிள்ளை, புத்தகத்தில் "வீட்டிற்குச் சென்று வந்துவிடுகிறேன்" என்று பார்க்கிறது. இது கிட்டத்தட்ட இன்னொரு மொழி. இதைக் கடக்க ஒரே வழி, எழுத்து நடையைப் பிள்ளை காதால் நிறையக் கேட்பது. அதாவது, யாராவது கதைப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும்.

செயல்வழிக் கற்றல் இந்தச் சிக்கல்களில் முதல் பாதியை நன்றாகக் கையாண்டது. அ, ஆ என்ற அகரவரிசையை விட்டு, எழுத எளிதான, அடிக்கடி பயன்படும் எழுத்துகளை முன்னே கொண்டுவந்தது. ட, ப, ம மூன்றும் தெரிந்தால் படம், மடம், பட்டம் என்று சொற்கள் உடனே கிடைக்கும். பள்ளியில் சேர்ந்த சில வாரங்களிலேயே "நான் படிச்சிட்டேன்" என்று ஒரு பிள்ளை சொல்வதற்கு இது வழி செய்தது. பழைய முறையில் இந்த மகிழ்ச்சிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அட்டை எங்கே நின்றது

இரண்டாம் பாதியில்தான் இடித்தது. அட்டை என்பது அளவில் சின்னது. அதில் ஓர் எழுத்து, ஐந்தாறு சொற்கள், மிஞ்சினால் நாலு வரி. முடித்தால் அடுத்த அட்டை. கதை ஒன்றின் நடுவில் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று பிள்ளை தவிக்கும் இடம் அட்டையில் வராது. நான்கு ஆண்டுகள் நூற்றுக்கணக்கான அட்டைகளைக் கடந்து வந்த பிள்ளைகள், ஒரு பக்கத்துக்கு மேல் நீளும் உரையைப் பார்த்ததும் மலைத்தார்கள்.

நடைமுறைச் சிக்கல்களும் சேர்ந்துகொண்டன. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. மாற்று அட்டைகள் நேரத்துக்கு வரவில்லை. முப்பது பிள்ளைகள் ஆறு குழுக்களில் இருக்க, ஆசிரியரின் நேரத்தில் பெரும்பகுதி யார் எந்தப் படி என்று சரிபார்ப்பதிலேயே கழிந்தது. சக மாணவர் குழுவில் உதவி என்பது பல இடங்களில் பக்கத்துப் பிள்ளையின் விடையைப் பார்த்து எழுதுவதாக மாறியது. பெற்றோருக்கு வேறு கவலை. பை காலியாக வருகிறது, வீட்டுப்பாடம் இல்லை, பிள்ளை என்ன படிக்கிறது என்றே தெரியவில்லை. தனியார் பள்ளி வேன் தெருவுக்குள் வரத் தொடங்கிய காலம் அது. இந்தக் கவலையை அந்த வேன்கள் நன்றாகவே அறுவடை செய்தன.

2010-இல் எல்லாப் பாடத்திட்டப் பிரிவுகளுக்கும் பொதுவான சமச்சீர்க் கல்விப் பாடநூல்கள் ஒன்றாம், ஆறாம் வகுப்புகளுக்கு வந்தன. 2012–13-இல், ஆண்டை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தது. அட்டை ஒரு வரிசையில் போக, பாடநூல் இன்னொரு வரிசையில் போனது. எளிமைப்படுத்திய செயல்வழிக் கற்றல் என்று இரண்டையும் ஒட்டவைக்க முயன்றார்கள். பருவம் முடிவதற்குள் பாடம் முடிய வேண்டும் என்ற கணக்கு வந்ததும், தன் வேகத்தில் ஏணி ஏறும் உரிமை பிள்ளையின் கையைவிட்டுப் போய்விட்டது. செயல்வழிக் கற்றலை யாரும் நிறுத்தவில்லை. அது மெல்லக் கரைந்தது என்பதுதான் சரி.

பூங்கொத்தும் பீரோவும்

அட்டையில் நீளமான கதைக்கு இடமில்லை என்ற குறை யாருக்கும் தெரியாமல் இல்லை. புத்தகப் பூங்கொத்து என்ற பெயரில் தொடக்கப் பள்ளிகளுக்குக் கதைப் புத்தகங்கள் வந்தன. வகுப்பறையிலேயே கயிறு கட்டிப் புத்தகங்களைத் தொங்கவிட வேண்டும், பிள்ளை எட்டிப் பிடித்து எடுத்துப் படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. யோசனையில் குறை ஒன்றும் சொல்ல முடியாது. கம்பிப் பந்தலும் தாழ்ந்த கரும்பலகையும் சொன்ன அதே செய்தி: பொருள் பிள்ளையின் கைக்கு எட்ட வேண்டும்.

ஆனால் அட்டைக்கும் புத்தகத்துக்கும் அலுவலகக் கணக்கில் ஒரு வேறுபாடு உண்டு. அட்டை கற்பித்தல் கருவி, தேய்வதற்காகவே வந்தது. புத்தகம் இருப்புப் பதிவேட்டில் ஏறும் சொத்து. தணிக்கையில் எண்ணிக்கை குறைந்தால் தலைமை ஆசிரியர் பதில் சொல்ல வேண்டும், மாறுதலில் போகும்போது எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளை கையில் கொடுத்தால் கிழியும் என்று தெரிந்த ஒரு பொருள், கிழிந்தால் தன் கணக்கில் விழும் என்றும் தெரிந்தால், எந்த மனிதரும் செய்வதைத்தான் தலைமை ஆசிரியர்களும் செய்தார்கள். புத்தகங்கள் பீரோவுக்குள் போயின. பார்வைக்கு அதிகாரி வரும் நாளில் கயிற்றில் ஏறி, மாலையில் இறங்கின. இதை ஆசிரியர்களின் அக்கறையின்மை என்று எழுதுவது சுலபம், ஆனால் தவறு. பதிவேடு எப்படி இருக்கிறதோ அப்படித்தான் வகுப்பறையும் இருக்கும்.

விதிவிலக்கான பள்ளிகள் எல்லா மாவட்டத்திலும் இருந்தன. "கிழிஞ்சா கிழியட்டும், நான் பாத்துக்கறேன்" என்று சொல்லக்கூடிய ஒரு டீச்சர் இருந்த இடமெல்லாம் விதிவிலக்குதான். அப்படிப்பட்ட வகுப்பில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் கேட்கும் பேச்சே வேறாக இருக்கும்.

"டீச்சர், இந்த முதலைக்குப் பல்லு வலிக்குதாம்."

"அப்படியா? ஏனாம்?"

"இருங்க, இன்னும் அங்க வரல."

மூன்றாவது வரியைப் பேசும் பிள்ளைக்கு இனிமேல் யாரும் வாசிப்பைக் கற்பிக்க வேண்டியதில்லை, புத்தகம் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் போதும்.

கொரோனா காட்டிய எண்கள்

2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், 1 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பு முடிக்காத பிள்ளைகள் நேராக மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். பிரதம் என்ற தொண்டு நிறுவனம் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பார்க்கும் ஏசர் கணக்கெடுப்பில், ஊரகத் தமிழ்நாட்டின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்பு அளவிலான உரையை வாசிக்க முடிந்தவர்கள் 2018-இல் 10.2 விழுக்காடு, 2022-இல் 4.8 விழுக்காடு. கொரோனாவைக் குறை சொல்லலாம். ஆனால் 2018-இன் எண்ணையும் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். தொற்று வருவதற்கு முன்பே பத்தில் ஒரு பிள்ளைதான். செயல்வழிக் கற்றல் மாநிலமெங்கும் போய்ப் பத்தாண்டு கழிந்த பிறகான எண் அது.

ஏசர் எண்ணில் சர்ச்சை உண்டு. வீட்டு வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து தாளை நீட்டிப் படிக்கச் சொல்லும்போது எல்லாப் பிள்ளையும் வாய் திறக்காது. தமிழில் சொற்களும் நீளமானவை. தேசிய அளவில், அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான ஒன்றிய அரசின் நிபுண் பாரத் திட்டம் மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொல் என்று இலக்கு வைத்திருக்கிறது. இந்தியில் நாலு சொல்லாகப் பிரிந்து நிற்பது தமிழில் 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கு' என்று ஒரே மூச்சாக வரும்போது, இரண்டு மொழிக்கும் ஒரே கடிகாரம் பொருந்தாது. இதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் நிலைமை நன்றாக இருந்தது என்று சொல்ல வழியில்லை.

அரசு வேகமாகத்தான் செயல்பட்டது. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய் மதிப்பூதியத்தில், பெரும்பாலும் அந்தந்தத் தெருவின் பெண்களே தன்னார்வலர்கள். மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை. திண்ணை, கோயில் மண்டபம், மரத்தடி, எங்கே இடம் கிடைத்ததோ அங்கே. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் ஊரகத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வு இதில் முக்கியமானது. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அப்படி மீண்டதில் 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

அதே ஆய்வில் இன்னொரு தகவல் உண்டு. கணக்கில் ஏற்பட்ட சரிவைவிட மொழியில் ஏற்பட்ட சரிவு பாதிக்கும் குறைவு. வகுத்தலை வீட்டில் யாரும் பேசிக்கொள்வதில்லை. தமிழ் காதில் விழுந்துகொண்டே இருந்தது. மொழித் திறன் பள்ளிக்கு வெளியேயும் வளர்கிறது என்பதற்கு இதை ஒரு தடயமாக நான் எடுத்துக்கொள்கிறேன். திண்ணையில் ஓர் அக்கா உட்கார்ந்து கதை வாசித்துக் காட்டியது ஏன் வேலை செய்தது என்பதும் இதனால் விளங்குகிறது. அங்கே கேட்பதற்கு ஆள் இருந்தது, தேர்வு இல்லை, பதிவேடும் இல்லை.

அரும்பிலிருந்து 'பற' வரை

2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குச் செய்ய வேண்டும், 2025-க்குள் இதை எட்ட வேண்டும் என்பது இலக்கு. முதலில் 1 முதல் 3 வரை, அடுத்த ஆண்டு 4, 5 வகுப்புகளுக்கும். பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளில். செயல்வழிக் கற்றலின் நீண்ட ஏணி மூன்று படியாகச் சுருங்கிவிட்டது என்று சொல்லலாம். இது நல்ல முடிவு. முப்பது பிள்ளைகளை முப்பது படியில் நிறுத்திக் கவனிப்பதைவிட, மூன்று குழுவாக நிறுத்துவது ஓர் ஆசிரியரால் முடிகிற காரியம். கதையும் பாடலும் பொம்மலாட்டமும் வகுப்பு நேரத்துக்குள்ளேயே வந்தன.

சங்கடம் கைப்பேசியில் வந்தது. மதிப்பீட்டைச் செயலியில் பதிய வேண்டும். இணையம் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆசிரியர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார், பிள்ளை ஆசிரியரைப் பார்த்துக்கொண்டிருக்கும். இந்தப் புகாரை நான் கேட்காத பள்ளி குறைவு.

புத்தகப் பக்கத்தில் நடந்ததுதான் எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. 2022-இல் தொடக்க வகுப்புகளுக்கு ஊஞ்சல், மேல்வகுப்புகளுக்குத் தேன்சிட்டு என்று பள்ளிக் கல்வித் துறையே சிறார் இதழ்கள் கொண்டுவந்தது. 2023-இல் வாசிப்பு இயக்கம். இதில் வந்தவை மெல்லிய சிறு புத்தகங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலை. 'நுழை' புத்தகத்தில் பக்கத்துக்கு ஓரிரு வரி, மீதியெல்லாம் படம். 'பற' வரும்போது வரிகள் கூடும். பிள்ளை ஒரே அமர்வில் முடித்துவிடலாம் என்பதுதான் இவற்றின் பலம். ஒரு புத்தகத்தை முடித்தேன் என்று சொல்லிக்கொள்ளும் பெருமையைப் பெரிய புத்தகம் ஆறு வயதில் தராது. அட்டையின் அளவும் கதையின் ஓட்டமும் ஒரே பொருளில் சேர்ந்தது இங்கேதான் என்று நினைக்கிறேன். 2003-இலேயே இது இருந்திருந்தால் என்ற ஏக்கம் வருகிறது, வந்து என்ன செய்ய.

2024 ஏசர் கணக்கெடுப்பில், 2022-இல் விழுந்தது பெரும்பாலும் மீண்டிருந்தது. இதில் எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம். பள்ளி திறந்ததே ஒரு பெரிய காரணம்.

பள்ளி அளவில் செய்யக்கூடியவை

திட்டங்களின் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, இந்த இருபது ஆண்டு அனுபவத்திலிருந்து ஒரு தொடக்கப் பள்ளி என்ன எடுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், முதலில் வருவது ஆசிரியர் சத்தமாக வாசித்துக் காட்டுவது. கதை சொல்வது வேறு, வாசித்துக் காட்டுவது வேறு. நம் ஆசிரியர்கள் கதை சொல்வதில் கெட்டிக்காரர்கள். கையை ஆட்டி, குரலை மாற்றி, பேச்சுத் தமிழில் சொல்வார்கள். அதில் பிள்ளைக்குக் கதை கிடைக்கிறது, எழுத்து நடை கிடைப்பதில்லை. புத்தகத்தைப் பிள்ளைகளுக்குத் தெரியும்படி பிடித்து, வரியில் உள்ளபடியே, விரலை ஓட்டிக்கொண்டு பத்து நிமிடம் வாசித்தால் இரண்டும் கிடைக்கும். புரியாத இடத்தில் பேச்சுத் தமிழில் ஒரு வரி சொல்லிவிட்டு மறுபடி புத்தகத்துக்கு வரலாம். அதே புத்தகத்தை மறுநாளும் கேட்பார்கள். சலிக்காமல் வாசிக்க வேண்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை, வாரத்துக்கு ஒரு நூலகப் பாடவேளை என்பது ஏட்டளவில்தான் நிற்கிறது. விடுப்பில் இருக்கும் ஆசிரியரின் வகுப்பும் விளையாட்டு விழா ஒத்திகையும் முதலில் தின்பது அந்தப் பாடவேளையைத்தான். மதிய உணவு முடிந்து மணி அடிப்பதற்குள் இருக்கும் நேரம், காலையில் சீக்கிரம் வந்துவிட்ட பிள்ளைகளின் நேரம் இரண்டும் இதற்குப் பொருந்தும். புத்தகம் வெளியே இருந்தால் அந்த நேரத்தைப் பிள்ளைகளே எடுத்துக்கொள்வார்கள்.

வாசித்த பிறகு கேள்வி கேட்பதைக் குறைக்கலாம். "இக்கதையின் நீதி யாது?" என்ற கேள்வி ஒரு நல்ல கதையைப் பாடமாக்கிவிடும். "உனக்கு எந்தப் படம் பிடிச்சது?" என்று கேட்டால் பிள்ளை பேசும். கேட்காமல் விட்டாலும் பாதகமில்லை.

இவையெல்லாம் ஆசிரியர் கையில் உள்ளவை. பீரோ அவர் கையில் இல்லை. அதற்கு ஒரு சுற்றறிக்கை வேண்டும்: தொடக்க வகுப்புகளுக்கு வரும் கதைப் புத்தகங்களைச் சாக்பீஸ், வண்ணத்தாள் போலத் தேய்பொருளாகப் பதியலாம், ஆண்டுக்கு இத்தனை பங்கு கிழிந்தாலோ தொலைந்தாலோ விளக்கம் தேவையில்லை. செலவு பெரிதாக வராது. மெல்லிய புத்தகங்கள் விலையும் குறைவு. சுற்றறிக்கையில் இன்னொரு வரியும் இருந்தால் நல்லது: கழிக்கும் புத்தகங்களின் பெயரைப் பள்ளிகள் எழுதி அனுப்ப வேண்டும். அட்டை பிய்ந்து, ஓரம் மடங்கி, படம் உருவி எடுக்கப்பட்டிருக்கும் புத்தகங்கள் எவை என்று அதில் தெரிந்துவிடும். புத்தகத் தேர்வுக் குழு அடுத்த ஆண்டுக்கு அவற்றைக் கூடுதல் பிரதிகள் அச்சிடச் சொல்லலாம், புதுக் கருக்கு மாறாமல் கிடக்கும் தலைப்புகளை நிறுத்தலாம்.